அரைப் பவுன் மோதிரமும் ஒரு ஹாக்கி அட்டையும்

தங்கை மகனுக்கு நான் ஒரு சீர் பாக்கி வைத்திருந்தேன். பதினெட்டு வருஷப் பாக்கி.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் எதை விட்டாலும் இதை விட்டதில்லை. ஆனால் இவன் பிறந்தது கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். அந்த வருஷம் எனக்கு லீவும் இல்லை, டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை. ஒரு கடையில் துப்பாக்கி மாதிரி எதையோ வைத்து 'டப்'பென்று குத்திவிட்டார்கள் என்று தங்கை போனில் சொன்னாள். என் மடி இங்கே சென்னை சேலையூரில் சும்மா இருந்தது.

போன டிசம்பரில் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பையன் இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். "வாடா, தாம்பரம் சண்முகம் ரோடு போய் அரைப் பவுன்ல ஒரு மோதிரம் எடுத்துட்டு வந்துடலாம். விட்டுப்போன சீரை இப்பவாவது செஞ்சுடறேன்" என்றேன். நெளிந்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. மோதிரம் நான் போட மாட்டேன். அதுக்குப் பதிலா ஒரு கார்டு வாங்கித் தர்றீங்களா?"

"என்ன கார்டு? ரேஷன் கார்டா?"

"ஹாக்கி கார்டு மாமா. பழசு. ரூக்கி. கிரேட் பண்ணது."

அவன் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். சேர்த்தால் ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரக் கதைதான் இந்தப் பதிவு.

எந்த ஹாக்கி, என்ன அட்டை?

நமக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டி. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன், நம்ம பாஸ்கரன். இவன் சொன்னது ஐஸ் ஹாக்கி. டிசம்பரிலும் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிற ஊரில் உட்கார்ந்து நான் அதைப் பற்றிப் படிக்க வேண்டியதாயிற்று.

பையன் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு உயிரை விடுகிறவன். 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொடாத அணி அது. "ஆர்சிபியே 2025-ல கப்பு வாங்கிட்டாங்களேடா" என்று வாய்விட்டுவிட்டேன். ராத்திரி சாப்பாடு வரை என்னோடு பேசவில்லை.

அட்டை விஷயம் மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. எண்பதுகளில் பையனாக இருந்தவர்களுக்கு பிக் ஃபன் பபிள்கம் ஞாபகம் இருக்கும். உள்ளே கிரிக்கெட் வீரர் படம் வரும், அதில் இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று போட்டிருக்கும். நாங்கள் பபிள்கம்மை மென்று துப்பிவிட்டுப் படத்தைச் சேர்த்தோம். கனடாவிலும் இதே கதைதான். ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊரில் (ஆமாம், அங்கேயும் ஒரு லண்டன்) 1911-ல் தொடங்கிய ஓ-பீ-ச்சீ என்ற மிட்டாய் கம்பெனி, அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, பபிள்கம்மோடு ஹாக்கி வீரர் அட்டைகளைப் போட்டது. டாப்ஸ் அட்டையின் பின்பக்கம் ஆங்கிலம் மட்டும். ஓ-பீ-ச்சீ அட்டையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கும். கனடாவில் அச்சான எண்ணிக்கை குறைவு என்பதால் சேகரிப்பவர்களுக்கு ஓ-பீ-ச்சீ மேல்தான் கண்.

ரூக்கி அட்டை என்பது ஒரு வீரருக்கு வந்த முதல் அட்டை. அவர் ஆட ஆரம்பித்த வருஷமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோர்டி ஹோ என்ற ஜாம்பவான் 1946-லேயே ஆட வந்துவிட்டார். அவருடைய ரூக்கி அட்டை 1951-ல் வந்த பார்க்ஹர்ஸ்ட் அட்டை. நடுவில் யாரும் ஒழுங்காக அட்டை போடவில்லை, அவ்வளவுதான்.

ஆசைப்பட்டால் எல்லோரும் ஆசைப்படுவது 1979-ன் ஓ-பீ-ச்சீ 18-ஆம் எண் அட்டைக்கு. வேய்ன் கிரெட்ஸ்கியின் ரூக்கி. அதில் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் பத்துக்குப் பத்து கொடுத்தவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று 2016-ல் 4,65,000 டாலருக்கு விற்றது. 2020 டிசம்பரில் 12.9 லட்சம் டாலர். 2021 மே மாதம் ஒரு விற்பனை 37.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அட்டைக்கா?" என்றார். பிறகு, "பொன்னு மாதிரி அதை அடகு வைக்க முடியுமா?" என்றார். நல்ல கேள்வி.

ஹால்மார்க் மாதிரியா?

இந்த 'கிரேட்' சமாசாரத்தை நான் நகையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

2021 ஜூனிலிருந்து நம் நாட்டில் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஒவ்வொரு ஹால்மார்க் நகைக்கும் ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்து-எண் அடையாளம் வேண்டும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதைத் தட்டினால் நகையின் ஜாதகம் வந்துவிடும். அட்டைக்கும் அப்படித்தான். நிறுவனத்துக்கு அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, சான்று எண்ணோடு திருப்பி அனுப்புவார்கள். அந்த உறைக்கு 'ஸ்லாப்' என்று பெயர். பி.எஸ்.ஏ. 1991-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. எஸ்.ஜி.சி., பெக்கெட் என்று வேறு நிறுவனங்களும் உண்டு.

மதிப்பெண் போடப் பார்ப்பது நான்கு விஷயம். படம் நடுவில் இருக்கிறதா, நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, ஓரங்கள் சிதையாமல் இருக்கின்றனவா, மேல்பரப்பில் கீறலோ கறையோ மடிப்போ இருக்கிறதா. பி.எஸ்.ஏ.வில் பத்து வாங்க வேண்டுமானால் முன்பக்கத்தில் எதிரெதிர் ஓரங்களின் அகலம் ஏறக்குறைய 55-க்கு 45 என்ற கணக்கைத் தாண்டக் கூடாது.

ஆனால் நகையோடு ஒப்பிடுவது ஒரு எல்லை வரைதான். 916 என்றால் யார் உரசினாலும் 916. அட்டைக்குப் போடும் ஏழும் எட்டும் ஒரு மனிதர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பரீட்சை பேப்பர் திருத்துவது மாதிரி. மறுகூட்டலுக்குப் போட்டால் மாறும். உறையை உடைத்து மறுபடி அனுப்பி, ஏழை எட்டாக்கி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு உதாரணம் பி.எஸ்.ஏ.வின் முதல் அட்டையே. 1909-11 காலத்தில் சிகரெட் பாக்கெட்டோடு வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை. 1991-ல் அதை 4,51,000 டாலருக்கு ஏலம் எடுத்த இருவரில் ஒருவர், வேறு யாருமில்லை, நம் கிரெட்ஸ்கியேதான். பி.எஸ்.ஏ. அதற்கு எட்டு மதிப்பெண் போட்டது. அவர்களுடைய சான்று எண் வரிசையே அந்த அட்டையில்தான் தொடங்குகிறது. 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி, அந்த அட்டை அழகாகத் தெரிவதற்காக ஓரத்தை வெட்டிச் சரிசெய்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே போடக் கூடாது என்பதுதான் விதி.

பத்தர் லென்ஸில்

எங்கள் பையனுக்கும் ஒரு சூடு உண்டு. பதினைந்து வயதில் இணையத்தில் யாரோ ஒருவரிடம் கிரெட்ஸ்கி ரூக்கி என்று நம்பி, உறை இல்லாத அட்டையை வாங்கியிருக்கிறான். தோட்ட வேலை செய்து சேர்த்த காசு. வந்தது போலி. அதைத் தூக்கிப் போடாமல், அதே 1979 வரிசையில் யாரோ பெயர் தெரியாத வீரரின் மலிவான அசல் அட்டையோடு ஒரே கவரில் வைத்திருக்கிறான். இரண்டையும் ஊருக்கும் கொண்டுவந்திருந்தான். "ஞாபகத்துக்கு" என்றான்.

எனக்கு ஒரு யோசனை. மேற்கு தாம்பரத்தில் எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருஷமாக நகை செய்து தருகிற பத்தர் இருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்காரும் இடம். அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். எது அசல், எது போலி என்று சொல்லாமல் இரண்டு அட்டைகளையும் நீட்டினேன்.

"என்ன சார் இது, சினிமாப் படமா?" என்று கேட்டுக்கொண்டே லென்ஸைக் கண்ணில் செருகினார். முதலில் படத்தைப் பார்க்கவேயில்லை. ஓரத்தைப் பார்த்தார். அட்டையைப் படுக்கவைத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்து, விரல் படாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது கம்பியில அறுத்தது சார். ஓரத்துல நார் நாரா நிக்குது பாருங்க. இன்னொண்ணு கத்தியில வெட்டினது. வெண்ணெய் மாதிரி வழவழன்னு இருக்கு."

பையன் என்னைப் பார்த்தான். ஓ-பீ-ச்சீ தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் அட்டைத் தாள்களைக் கம்பி வைத்துத்தான் அறுத்தார்கள். அதனால் அந்த வருஷங்களின் அசல் அட்டைகளில் ஓரம் சொரசொரப்பாக இருப்பது சகஜம். புதிதாக வாங்குகிறவர்கள் அதைக் குறை என்று நினைத்து ஒதுக்குவார்கள். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது ஆறுதல்.

பத்தர் அதோடு விடவில்லை. எழுத்துக்கு வந்தார். "இந்த வழவழ கார்டுல எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியா உடையுது. அந்தக் கார்டுல படம் புள்ளி, எழுத்து மட்டும் முழு மை. இது ஜெராக்ஸ் மாதிரி எதையோ பார்த்துப் போட்டது." அதுவும் சரி. அசலில் கறுப்பு எழுத்து தனித் தகட்டில் முழு மையாக அச்சாகும். அட்டையை ஸ்கேன் செய்து திரும்ப அச்சடித்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளியாகிவிடும்.

வெளியே வந்ததும் பையன் சொன்னான்: "மாமா, இவரையே கிரேடிங் கம்பெனில வேலைக்கு வெச்சுக்கலாம்." எனக்குத் தோன்றியது வேறு. ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ஒருவர் போட்ட எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், பொருளைப் பார்க்க வேண்டும். பத்தர் செய்தது அதுதான்.

தேர்வு

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு வீடியோ காலில் தேட ஆரம்பித்தோம். அங்கே காலை, இங்கே ராத்திரி. அரைப் பவுன் விலைதான் பட்ஜெட். ஒரு டாலர் கூட மேலே போகக் கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள்.

அந்தப் பணத்துக்கு கிரெட்ஸ்கி கிடைக்காமல் இல்லை. இரண்டு, மூன்று மதிப்பெண்ணில் கிடைத்தது. நடுவில் மடிப்பு, தேய்ந்த மூலை. அந்த வரிசையின் நீல ஓரம் எங்கெல்லாம் உரிந்ததோ அங்கெல்லாம் வெள்ளை பல்லைக் காட்டியது. பையன் அதற்கும் தயாராக இருந்தான். "கிரெட்ஸ்கி கிரெட்ஸ்கிதானே மாமா." எனக்கு மனசு ஒப்பவில்லை. பேருக்காக வாங்கி, எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மடிப்பை மட்டும் பார்க்கப் போகிறானா?

அப்போதுதான் லீஃப்ஸின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். போர்யே சால்மிங் என்று ஒருவர் கண்ணில் பட்டார். ஸ்வீடன்காரர். வடக்குக் கோடியில் சுரங்க ஊரான கிருனா பக்கம் பிறந்தவர். ஐந்து வயதில் அப்பாவைச் சுரங்க விபத்தில் இழந்தவர். 1973-ல் லீஃப்ஸுக்கு ஆட வந்தார். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அடி தாங்க மாட்டார்கள் என்று அப்போது ஒரு பேச்சு. எதிரணிகள் அவரை 'கோழி' என்று கேலி செய்தன, தேடித் தேடி அடித்தன. மனிதர் திரும்பிப் போகவில்லை. 16 சீசன் அந்த அணிக்காகவே ஆடினார். 1976 கனடா கோப்பையில் ஸ்வீடன் சட்டையோடு டொராண்டோ மைதானத்தில் இறங்கியபோது, எதிரணிக்காரர் என்று பாராமல் கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. 1986-ல் கீழே விழுந்தவரின் முகத்தில் இன்னொருவரின் ஸ்கேட் ஏறி 200-க்கு மேல் தையல் போட்டார்கள். 1996-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. ஸ்வீடன்காரர்களில் அவர்தான் முதல்.

தங்கை வேலை செய்யும் இடத்தில் பாதிப் பேர் இலங்கைத் தமிழர்கள். 1983-க்குப் பிறகு கையில் பையோடு டொராண்டோவில் வந்து இறங்கியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். இவளும் வேறு காரணத்துக்காகப் போய் இறங்கியவள்தான். முதல் இரண்டு குளிர்காலம் போனில் அழுதுகொண்டே பேசுவாள். சால்மிங் கதையைப் பையனுக்குச் சொன்னேன். அவனுக்குத் தெரியாததா? 2022 நவம்பரில், நரம்பு நோயால் பேச்சு போய்விட்ட சால்மிங்கை டொராண்டோ மைதானத்துக்கு அழைத்துவந்து மரியாதை செய்தார்கள். பழைய தோழர் டாரில் சிட்லர் பக்கத்தில் நின்று அவர் கையைத் தூக்கிப் பிடித்தார். அதே மாதம் 24-ஆம் தேதி சால்மிங் இறந்துபோனார். "அம்மாவும் நானும் டிவில பார்த்தோம் மாமா. அம்மா அழுதாங்க" என்றான்.

சால்மிங்கின் ரூக்கி, 1974-75 ஓ-பீ-ச்சீ வரிசையின் 180-ஆம் எண் அட்டை. எட்டு மதிப்பெண் வாங்கியதே எங்கள் பட்ஜெட்டுக்குள் தாராளமாக அடங்கியது.

எட்டிலும் ஒரே மாதிரி எட்டு இல்லை. திரையில் மூன்றை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒன்றில் எட்டுக்குப் பக்கத்தில் 'ஓ.சி.' என்று இரண்டு எழுத்து. மற்றதெல்லாம் எட்டு, படம் மட்டும் ஓரமாக ஒதுங்கிவிட்டது என்று பொருள். பாஸ்தான், ஆனால் கிரேஸ் மார்க். விலை குறைவு என்று மயங்கினால் விற்கும்போதும் குறைவாகத்தான் போகும். இரண்டாவதில் படம் நடுவில் இருந்தது, ஆனால் பின்பக்கம் மெழுகுக் கறை. அந்தக் காலத்து பாக்கெட் மெழுகுத்தாள், அது உருகி அட்டையில் ஒட்டும். மூன்றாவதில் இடப்பக்க ஓரம் கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது. படம் கிட்டத்தட்ட நடுவில், முகத்தில் ஒரு கீறல் இல்லை. பத்தரை நினைத்துக்கொண்டேன். "இதுதான்" என்றேன். "அதையேதான் நானும் நினைச்சேன்" என்றான்.

வாங்குவதற்கு முன் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தோம். எண் மட்டும் பொருந்தினால் போதாது. அசல் அட்டையின் எண்ணைத் திருடிப் போலி உறையில் ஒட்டுகிறவர்கள் உண்டு. அதனால் தளத்தில் படம் இருந்தால் அந்தப் படமும் விற்கிறவர் காட்டும் அட்டையும் ஒன்றுதானா என்று ஓரம் ஓரமாக ஒப்பிட வேண்டும். எத்தனை அட்டைக்கு எட்டு கிடைத்திருக்கிறது என்று ஒரு பட்டியல் தருவார்கள். உடைத்துத் திரும்ப அனுப்பிய அட்டைகள் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. விலையைப் பொறுத்தவரை, கேட்கிற விலையைப் பார்க்கவே வேண்டாம். கடைசியாக என்ன விலைக்கு விற்றது என்று மட்டும் பாருங்கள். சேலையூரில் மனை விலை கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை.

டொராண்டோ வட்டாரத்தில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பெரிய அட்டைச் சந்தை கூடும். அதுவரை பொறுத்து நேரில் வாங்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் காத்திருந்தது போதும் என்று தங்கை சொல்லிவிட்டாள்.

மிச்சப் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மா விடவில்லை. "பொன் வைக்காம சீர் உண்டா?" ஒரு கிராம் காசு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். முதன்முதலாக வாங்குகிறீர்கள் என்றால் பெரிய பெயரின் நொந்த அட்டையைவிட, உங்களுக்கு ஒட்டுதல் உள்ள ஒருவரின் நல்ல அட்டையை வாங்குங்கள். போலியிலிருந்து காப்பாற்றச் சான்று வேண்டும், அதைத் தவிர்க்காதீர்கள். ஆனால் இரண்டு எட்டுகளில் எது உங்கள் எட்டு என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். விலை ஏறும் என்று நம்பி வாங்குவதானால் வேண்டவே வேண்டாம். அம்மா கேட்டது சரி, தாம்பரத்தில் எந்த அடகுக் கடையும் இதை எடுத்துக்கொள்ளாது.

எங்கள் வீட்டு நகைகளின் ஹெச்.யு.ஐ.டி. எண்களை ஒரு பழைய டைரியில் எழுதிவைப்பது என் வழக்கம். அம்மா வளையல், மனைவி செயின், பெண்ணின் தோடு என்று வரிசையாக இருக்கும். போன வாரம் அதே பக்கத்தில், தோட்டுக்கு அடுத்த வரியில், சால்மிங் அட்டையின் சான்று எண்ணை எழுதினேன். எதிரே 'காதுகுத்துச் சீர்' என்று குறித்து, தேதி போட்டுவிட்டேன்.